கரண்ட் போனால் கணக்கு மூடுமா?

நுரைச்சோலைக்காரருக்குக் கரண்ட் என்பது கண்ணால் பார்க்கிற பொருள். லக்விஜய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட். முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது, 2014இல் மூன்றும் நிறைவு பெற்றன. இங்கே ஓட்டம் நின்றால் நாடே உணரும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டுத் தீவு முழுக்க இருண்டதே, அன்றைக்கு இங்குள்ள மூன்று இயந்திரங்களும் நின்றன. நின்ற நிலக்கரி நிலையத்தை ஒரு பொத்தானைத் தட்டி மீண்டும் ஓட்ட முடியாது. அதனால்தான் கரண்ட் திரும்பி வந்த பிறகும் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் முறைவைத்து வெட்டினார்கள்.

இந்தக் கரையோரத்திலிருந்து உயர்தரம் முடித்துக் குளியாப்பிட்டியில் வயம்பப் பல்கலைக்கழகத்துக்கும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், யாழ்ப்பாணத்துக்கும் பிள்ளைகள் போகிறார்கள். எல்லார் கையிலும் மடிக்கணினி இருப்பதில்லை. ஒப்படைகளைப் பீடத்தின் கணினிக்கூடத்தில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு மாணவி ஜிமெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரையொன்றைத் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டென்று கரண்ட் போகிறது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்கிறது. திரை கறுக்கிறது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகிறாள்.

இப்போது அவளுடைய ஜிமெயில் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் மூடியிருக்கிறது என்பார்கள். கணினியே அணைந்து போச்சே, பிறகென்ன திறந்திருக்கும் என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள், நியாயமாகவும் தோன்றுகிறது. ஆனால் பொதுக் கணினியில் நடக்கிற விபரீதங்களில் பல இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை. இன்னொன்று ஊற்றிக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதலில், அவளுடைய கடிதங்கள் எங்கே இருக்கின்றன? அந்தக் கணினிக்கூடத்தில் இல்லை. கடல் கடந்து எங்கோ இருக்கும் கூகுளின் சேர்வர்களில் இருக்கின்றன. சேர்வர் என்பதும் கணினிதான், கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்கென்றே இரவு பகலாக ஓடுகிற கணினி. கூடத்திலுள்ள கணினி அதனிடம் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். குளியாப்பிட்டியில் கரண்ட் போனதும் குரங்கு பட்டதும் அந்தச் சேர்வருக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை, அந்த மாணவி கொஞ்ச நேரமாக எதுவும் கேட்கவில்லை. கட்டுரையை யோசித்துக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கணினி எரிந்து போனாலும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் வியப்பானது. இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைத் திறப்பது தொலைபேசியில் பேசுவது போல ஒரே தொடர்பாக நீள்வதில்லை. ஒவ்வொரு சொடுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒரு கடிதத்தைத் திறந்தால் ஒரு விண்ணப்பம், அடுத்ததைத் திறந்தால் இன்னொன்று. முந்தியதைக் கேட்டது யார், இதைக் கேட்பது யார் என்று ஞாபகம் வைக்கும் வழக்கம் ஆரம்பத்தில் இணையத்துக்கு இருக்கவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் பாஸ்வேர்ட் தட்ட வேண்டியிருக்கும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். அவர் செய்த சிறு பொருளைத்தான் இன்றைக்குக் குக்கி என்கிறார்கள்.

குக்கி என்ன செய்கிறது என்பதை சைக்கிள் பாதுகாப்பு நிலையத்தில் வைத்துப் பார்க்கலாம். தலவில அன்னம்மாள் திருவிழா போல ஒரு பெருங்கூட்டத்துக்குப் போகிறோம். சைக்கிளைக் கொடுக்கிறோம். காவல் நிற்பவர் நம்மை ஒரு தடவை பார்க்கிறார், இலக்கம் போட்ட துண்டு ஒன்றைத் தருகிறார், அதே இலக்கத்தைச் சைக்கிளிலும் கட்டுகிறார். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. துண்டைத்தான் பார்ப்பார். ஆயிரம் பேர் வருகிற இடத்தில் வேறு வழியும் இல்லை. பாஸ்வேர்ட் என்பது முதல் தடவை நாம் காட்டுகிற முகம். அது சரியென்று கண்டதும் சேர்வர் ஒரு நீண்ட இரகசிய இலக்கத்தை எழுதி நம்முடைய பிரவுசரிடம் கொடுக்கிறது. குரோம், ஃபயர்ஃபொக்ஸ் எதுவானாலும், அந்தத் துண்டைக் கணினியின் வன்தட்டில் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் சேர்த்துக் காட்டுகிறது. துண்டு செல்லுபடியாகும் வரை பாஸ்வேர்ட் கேள்வியே எழாது.

கரண்ட் போனபோது என்ன நடந்ததென்று இப்போது பார்க்கலாம். மாணவி எழும்பிப் போய்விட்டாள். துண்டு அந்தக் கணினிக்குள்ளேயே கிடக்கிறது. அதே இலக்கம் சேர்வரின் பதிவேட்டிலும் வெட்டப்படாமல் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அடுத்தவர் வந்து உட்கார்ந்து ஜிமெயில் என்று தட்டுகிறார். பிரவுசர் தன் கடமையைச் செய்கிறது, துண்டை எடுத்துக் காட்டுகிறது. அவளுடைய கடிதப்பெட்டி அப்படியே திறக்கிறது. இங்கே யாரும் எதையும் உடைக்கவில்லை, பாஸ்வேர்ட்டைத் திருடவுமில்லை.

கரண்ட் போனதைப் பற்றிச் சொன்னதெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடுவதற்கும் பொருந்தும். இரண்டிலும் சேர்வருக்குச் செய்தி போவதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரவுசரை மூடியவுடன் கிழித்துப் போட வேண்டும் என்று குறித்தே சில துண்டுகள் கொடுக்கப்படுகின்றன. பல்கலைக்கழகங்கள் பாடங்களை ஏற்றி வைக்கிற மூடில் தளம் கொடுப்பது பொதுவாக இந்த வகை. இன்ன திகதி வரை செல்லும் என்று போட்டுக் கொடுக்கப்படுபவை வேறு சில. ஜிமெயிலும் பேஸ்புக்கும் இந்த வகையைத்தான் கொடுக்கின்றன, மாதக்கணக்கில் செல்லும். சரி, மூடிலிலாவது தப்பிக்கலாம் என்று நினைப்போம். ஆனால் திடீரென்று அணைந்த கணினியை மறுபடி போட்டால் குரோம் என்ன கேட்கும்? விட்ட பக்கங்களைத் திருப்பித் தரவா என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் கிழிக்க வேண்டிய துண்டுகளும் சேர்ந்தே உயிர் பெற்று வந்துவிடலாம். விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று அமைத்து வைத்த பிரவுசரில் அந்தக் கேள்விகூட வராது. மின்வெட்டு நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தோம், உண்மையில் ஒழுங்காக மூடியிருந்தால் போயிருக்கும் துண்டையும் அது காப்பாற்றிக் கொடுக்கிறது.

லொக் அவுட் என்ற பொத்தான் வேறு வேலை செய்கிறது. அதை அழுத்தும்போது சேர்வருக்கு ஒரு விண்ணப்பம் போகிறது, இந்த இலக்கத்தை வெட்டிவிடு என்று. துண்டு கணினியில் மிச்சம் கிடந்தாலும் அதற்குப் பிறகு அது வெறுங்கடதாசி. கணினியை விட்டு எழும்புமுன் கணக்கை மூடுகிற செயல் என்றால் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் திரையை மூடுவது.

இந்தச் சிக்கல் இணையத்தோடு வந்ததில்லை. கணினியில் பாஸ்வேர்ட் கேட்கும் வழக்கமே ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் பிறந்ததுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய குழுவும் 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்து காட்டினார்கள். ஒரு பெரிய கணினி, பல தட்டச்சு முனைகள். கணினி தன் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டங்களாக வெட்டி ஒவ்வொருவருக்கும் மாறி மாறிக் கொடுக்கும், எல்லாருக்கும் அது தனக்கே சொந்தம் போலத் தோன்றும். ஒரே இயந்திரத்தில் பல பேருடைய கோப்புகள் சேர்ந்தபோது யாருடையது எது என்று பிரிக்க வேண்டி வந்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் அப்படித்தான் வந்தது. மறுவருடமே அது உடைந்தது. அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கணினி கிடைத்தது, அவருடைய வேலைக்கு அது காணவில்லை. பாஸ்வேர்ட்கள் எல்லாம் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை ஒன்றில் கட்டளை எழுதி, வெள்ளிக்கிழமை இரவு போட்டார். மறுநாள் பட்டியல் அவர் கையில் இருந்தது. 1966இல் நடந்தது இன்னும் மோசம். ஒரு குழறுபடியில் வரவேற்புச் செய்திக் கோப்பும் பாஸ்வேர்ட் கோப்பும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய பாஸ்வேர்ட்டும் வரவேற்பாகக் கிடைத்தது. இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டே கணக்கைத் தனியாக வைத்திருப்பது அன்றைக்கும் பெரும் பாடாகத்தான் இருந்தது.

நம்முடைய கூடத்துக்கு வருவோம். அங்கே கணினியைப் போட்டதும் விண்டோஸ் யார் நீ என்று கேட்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கென்று கொடுத்த பெயரையும் பாஸ்வேர்ட்டையும் கேட்டால் நல்லது. உங்கள் துண்டுகளும் கோப்புகளும் உங்கள் பெயரின் கீழ் தனியாகப் போய்ச் சேரும். விண்டோஸிலிருந்து முறையாக வெளியேறினால் அடுத்த மாணவருக்கு அவை அகப்படா. ஆனால் பல கூடங்களில் ஸ்டூடன்ட் என்ற ஒரே பெயர்தான் எல்லாருக்கும். அந்தக் கணினிக்குக் காலையில் வந்தவரும் மாலையில் வந்தவரும் ஒரே ஆள். டெஸ்க்டொப்பில் வைத்த கோப்பு எல்லாருக்கும் சொந்தம், பிரவுசரில் கிடக்கும் துண்டும் எல்லாருக்கும் சொந்தம். பாஸ்வேர்ட்டைச் சேமிக்கவா என்று குரோம் கேட்கும்போது அவசரத்தில் ஓம் என்று அழுத்தினால் பாஸ்வேர்ட்டும் சொந்தம். அமைப்புக்குள் போய்க் கண் படத்தை அழுத்தினால் அது அப்படியே எழுத்தில் தெரியும். பார்க்குமுன் விண்டோஸ் பாஸ்வேர்ட் கேட்கும் என்பது உண்மை, ஆனால் ஸ்டூடன்ட் கணக்கின் பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும்.

வேறு சில கூடங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் கணினி பழைய நிலைக்கே திரும்பிவிடும். வைரஸ் வந்தாலும் போய்விடும், குக்கியும் போய்விடும், டெஸ்க்டொப்பில் வைத்த மூன்று வார ஆய்வறிக்கையும் போய்விடும். இப்படிப்பட்ட கூடத்தில் கரண்ட் போனால் கணினியில் கிடந்த துண்டு உண்மையாகவே அழிந்துவிடும். முதலில் கேட்ட கேள்விக்கு ஒன்பது பேரும் சொன்ன பதில் இங்கே முக்கால்வாசி சரி. சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்து எந்தக் கூடம் எந்த வகை என்று சொல்ல முடியாது. கூடப் பொறுப்பாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், கேட்கிறவர்தான் குறைவு. கோப்பைப் பொறுத்தவரை எந்தக் கூடமானாலும் வழி ஒன்றுதான், பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இடைக்கிடை ஏற்றிக்கொண்டே இருப்பது. பென்டிரைவ் என்றால் வைரஸையும் கூட்டிக்கொண்டு வரும், வீட்டில் திறக்குமுன் சோதித்துவிடுங்கள்.

அப்படியென்றால் இன்கொக்னிட்டோ ஜன்னலில் வேலை செய்தால் போதுமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, பாதி போதும். அந்த ஜன்னலில் வாங்குகிற துண்டுகள் தற்காலிகமானவை, அத்தகைய ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் பிரவுசர் அவற்றை அழித்துவிடும். அதனால் பொதுக் கணினியில் அதைத்தான் திறக்க வேண்டும். ஆனால் ஒரு ஜன்னல் பின்னால் ஒளிந்திருந்தாலும் துண்டு செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். பதிவிறக்கிய கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும். எந்தத் தளங்களுக்குப் போனோம் என்பது பல்கலைக்கழக வலையமைப்புக்குத் தெரியும். விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்கிற கள்ள மென்பொருள் இருந்தால், அதற்கு எந்த ஜன்னலானாலும் ஒன்றுதான். வங்கிக் கணக்கைக் கூடத்தில் திறக்கவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

போனுக்கு இலக்கம் வருகிற இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறேனே என்று இன்னொருவர் கேட்பார். அதைப் போட்டது மிக நல்லது, எடுத்துவிடாதீர்கள். ஆனால் அது வாசலில், முகத்தைக் காட்டும் இடத்தில் நிற்கிற காவல். துண்டைக் காட்டுகிறவரை அது மறிப்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனலைக் கள்வர் கைப்பற்றியது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் போல வந்த கோப்பை ஓர் ஊழியர் திறந்தார். அதற்குள் இருந்த கள்ள மென்பொருள் பிரவுசரிலிருந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. பாஸ்வேர்ட்டும் தேவைப்படவில்லை, போனுக்கு வரும் இலக்கமும் தேவைப்படவில்லை. தொழில்நுட்பத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது நடந்தது. நம் மாணவி விஷயத்தில் கள்ள மென்பொருள்கூட வேண்டாம், துண்டை மேசையில் விட்டுவிட்டுத்தான் அவள் போயிருக்கிறாள்.

வட்ஸ்அப் வெப் இதில் தனி ரகம். கூடத்துக் கணினியில் தெரியும் கியூ.ஆர். கட்டக்குறியைப் போனால் படம் பிடித்து இணைக்கிறோம், ஒப்படையை இறக்குகிறோம், போகிறோம். போன் நம் கையில்தானே என்ற நிம்மதி. முந்தி அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, போன் இணையத்தில் இல்லாவிட்டால் கணினியிலும் ஓடாது. 2021இலிருந்து முறை மாறிவிட்டது. போன் அணைந்திருந்தாலும் இணைத்த கணினியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். இப்படி நாலு கருவிகள் வரை இணைக்கலாம். 14 நாள் போனையே பயன்படுத்தாவிட்டால்தான் இணைப்பு தானாக அறும், அப்படி யார் இருக்கிறார்கள்? வீட்டிலிருந்து உம்மா அனுப்புகிற செய்தியும், தோழி அனுப்புகிற படமும் கூடத்துத் திரையில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். இளம் பெண்கள் விஷயத்தில் இதனால் வருகிற துன்பம் சின்னதில்லை. படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் இழுத்துச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகக் கணக்கும் இலேசானதில்லை. அந்த ஒரு பெயரும் பாஸ்வேர்ட்டும் பல இடங்களில் மின்னஞ்சல், மூடில், வைஃபை என்று பல கதவுகளைத் திறக்கும். நம் பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பின் வழியாக எடுரோம் என்ற வசதியும் உண்டு. ஒரு வளாகத்தின் கணக்கைக் கொண்டு இன்னொரு வளாகத்தில், வெளிநாட்டிலும்கூட, வைஃபை எடுக்கலாம். வசதி பெரிது, தொலைத்தால் இழப்பும் அதே அளவு.

கரண்ட் போனபோது லொக் அவுட் அழுத்த வழியில்லையே, என்ன செய்வது? கையில் போன் இருக்கிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். கூடத்துக் கணினி விண்டோஸ் என்ற பெயரில் அதில் நிற்கும், தொட்டு வெளியேற்றலாம். விடுதிக்குப் போகிற வழியிலேயே செய்துவிடக்கூடிய வேலை. கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் பக்கத்தின் அடியில் வலதுபக்கம் பொடி எழுத்தில் கடைசியாகக் கணக்கு பயன்பட்ட நேரம் தெரியும். பக்கத்திலுள்ள விவரத்தைத் தட்டினால் எங்கெங்கே திறந்திருக்கிறதென்று காட்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடவும் செய்யலாம். பேஸ்புக்கிலும் இதே போலப் பட்டியல் உண்டு. வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்துக்குப் போக வேண்டும். பட்டியல் எதுவும் கண்ணில் படாத சேவையென்றால் பாஸ்வேர்ட்டை மாற்றிவிடுங்கள். பெரும்பாலானவை பாஸ்வேர்ட் மாறியதும் பழைய துண்டுகளை வெட்டிவிடும். எல்லாமே அப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது, மாற்றும்போது மற்றக் கருவிகளிலிருந்தும் வெளியேறவா என்று கேட்டால் ஓம் என்று போடுங்கள்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நாம் போய் உட்காருகிறோம், யாரோ ஒருவருடைய கடிதப்பெட்டி திறந்து கிடக்கிறது. திறந்துதானே கிடந்தது, நான் உடைக்கவில்லையே என்று சிலர் சொல்வார்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாத நுழைவு குற்றம், பூட்டு உடைந்ததா என்பதல்ல அங்கே கேள்வி. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளை நம்மைப் போலவே மின்வெட்டில் எழும்பிப் போன ஒருத்தியாக இருப்பாள். ஒரு கடிதத்தையும் திறக்காமல், பெயரையும் தேடாமல், வலது மூலையிலுள்ள வட்டப் படத்தைத் தட்டி லொக் அவுட்டை அழுத்திவிட்டு, நம்முடைய வேலையைப் புது இன்கொக்னிட்டோ ஜன்னலில் தொடங்கலாம். பாஸ்வேர்ட் சேமித்துக் கிடந்தால், அல்லது ஒரே கணினியில் திரும்பத் திரும்ப இப்படிக் கண்டால், கூடப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிரவுசரை மூடும்போது எல்லாக் குக்கிகளையும் அழிக்கும்படி அமைப்பது அவருக்குச் சில நிமிட வேலை, கூடத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே தடவையில் செய்யவும் வழியிருக்கிறது.